நாலு பேரோடு கடற்கரையில் போர்ட்ஃபோலியோ ஷூட்: லென்ஸுக்கு முன்னால் யோசிக்க வேண்டியவை

கேள்வி இதுதான்: கல்யாண வேலைகளுக்கு இரண்டாவது கேமராவாகப் போய்வரும் ஒருவர், தனக்கென்று ஒரு போர்ட்ஃபோலியோ, அதாவது தன் வேலையைக் காட்டும் படத் தொகுப்பு, சேர்க்க நினைக்கிறார். தோழி ஒருவர் மாடலாக நிற்கச் சம்மதித்திருக்கிறார், அவருக்கும் நடிக்க வாய்ப்புத் தேடுவதற்கு நல்ல படங்கள் வேண்டும். மேக்கப் போட ஓர் அக்கா, கூடமாட உதவிக்கு ஒரு தம்பி, ஆக மொத்தம் நாலு பேர். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னைக்குத் தெற்கே ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) கோவளம் பக்கம். எப்படித் திட்டமிடுவது, எந்த லென்ஸ் வாடகைக்கு எடுப்பது என்று கேட்டிருக்கிறார்.

லென்ஸைப் பிறகு பார்ப்போம், இருப்பதில் ஆகச் சின்ன விஷயம் அதுதான். அவுட்டோர் ஷூட் கேமராவால் கெட்டுப்போவது குறைவு. மாடல் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, பாத்ரூம் எங்கே என்று கேட்கக் கூச்சப்படுகிறார், உடை மாற்ற இடமில்லாமல் காருக்குள் துப்பட்டாவைக் கட்டி மறைத்துக்கொண்டு தவிக்கிறார், அதற்குள் வெயில் ஏறிவிடுகிறது, இன்னும் இரண்டு உடை பாக்கி. கெட்டுப்போவது இப்படித்தான். உடம்பு சௌகரியமாக இல்லாதவர் முகத்தில் அது அப்படியே தெரியும், எந்த லென்ஸாலும் அதை மறைக்க முடியாது. அதனால் இந்தப் பதிலில் பாதி இடம் சாப்பாடு, ரூம், வண்டி என்றுதான் போகும்.

அதற்கும் முன்னால், இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தேவைப்படும் படமும் அவருக்குத் தேவைப்படும் படமும் ஒன்றில்லை. நீங்கள் கல்யாண வாடிக்கையாளர்களுக்குக் காட்டப்போகிறீர்கள், அதில் பட்டுப்புடவை, வெளிச்சம், பின்னணி எல்லாம் அழகாக இருக்க வேண்டும். அவர் காஸ்டிங் பார்ப்பவர்களுக்கு, அதாவது நடிப்பதற்கு ஆள் தேர்ந்தெடுப்பவர்களுக்கு அனுப்பப்போகிறார், அவர்கள் தேடுவது முகத்தை. நேராக ஒன்று, இரண்டு பக்கமும் பக்கவாட்டில் ஒவ்வொன்று, சிரித்து ஒன்று, சிரிக்காமல் ஒன்று, தலை முதல் கால் வரை ஒன்று, எல்லாம் மேக்கப் மிகக் குறைவாக, சாதாரண சுடிதாரிலோ டீ-ஷர்ட் ஜீன்ஸிலோ. நேரில் பார்க்கும்போது படத்தில் இருப்பவர்தானா என்று சந்தேகம் வரக் கூடாது. இந்த ஆறு படங்களை முதலில் எடுத்து முடித்துவிடுங்கள், அவருக்கு வேண்டியது கைக்கு வந்துவிட்டது என்றால் மீதி நேரம் உங்கள் ஆசைக்கு நிம்மதியாக நிற்பார். மேக்கப் அக்காவையும் மறந்துவிடாதீர்கள். காசு வாங்காமல் வருகிறார் என்றால் அவருக்கும் படம் வேண்டும், கண் மேக்கப்பின் குளோசப், பின்னலின் பின்பக்கம், பக்கவாட்டில் தாடை வரை. இதையெல்லாம் தனியாக நினைவு வைத்து எடுத்தால்தான் உண்டு. தம்பிக்கு இந்தப் படங்களால் எந்தப் பிரயோஜனமும் இல்லை, ஆகவே அவருக்குக் கையில் காசு கொடுத்துவிடுங்கள். கொலாப் ஷூட் (கூட்டாகச் சேர்ந்து எடுப்பது) என்றால் எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைக்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

இனி வெளிச்சம். இதை நன்றாகப் புரிந்துகொண்டால் அன்றைய நேர அட்டவணை தானாக வந்துவிடும். யூடியூபில் பார்க்கும் ஆங்கில வீடியோக்களில் கோல்டன் ஹவர் (சூரியன் தாழ்வாக இருக்கும்போது வரும் பொன்னிற வெளிச்ச நேரம்) என்று நிதானமாக ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அது அவர்கள் ஊர்ச் சூரியன். லண்டனில் டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூட சூரியன் சுமார் 15 டிகிரி உயரத்துக்குத்தான் வரும், நாள் முழுக்கவே சாய்வான வெளிச்சம். சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில், இங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக மேலே ஏறும், ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. உதித்து முக்கால் மணி நேரத்தில் அந்தப் பொன்னிற வெளிச்சம் வெளுத்துவிடும். ஒன்றரை மணி நேரத்தில் கண்ணுக்குக் கீழே நிழல் விழ ஆரம்பித்துவிடும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலேயே வரும், அந்த மாதங்களில் இன்னும் கஷ்டம். நீங்கள் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தது நல்லது: வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், கத்திரி வெயிலுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

பிப்ரவரியில் சென்னையில் சூரிய உதயம் சுமார் ஆறரை மணி. அதற்கு 20 நிமிடம் முன்பே படம் எடுக்கும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிடும், நீலம் கலந்த மிக மென்மையான வெளிச்சம், எனக்குக் குளோசப்புக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். ஆக உங்கள் கையில் இருப்பது 6.10-லிருந்து 7.15 வரை நல்ல நேரம், அதற்குப் பிறகு எட்டரை வரை நிழலில் எடுக்கும் நேரம். அவ்வளவுதான். இதற்குள் மூன்று உடைக்கு மேல் போகவே போகாது, இரண்டு போதும் என்பேன். எட்டு உடையோடு வந்து எல்லாவற்றிலும் நான்கு படம் எடுப்பதைவிட, இரண்டு உடையில் அவர் கேமராவை மறக்கும் வரை நின்று எடுப்பது எவ்வளவோ மேல்.

கிழக்குக் கடற்கரை என்பதால் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். காலையில் கடல் பின்னணியில் நிறுத்தினால் சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும், தலைமுடி ஓரத்தில் ஒளிக்கோடு விழும், முகம் நிழலில் இருக்கும். அதற்கு ரிஃப்ளெக்டர், அதாவது வெளிச்சத்தை முகத்தின் பக்கம் திருப்பிவிடும் தட்டு வேண்டும். சாயங்காலம் வந்தால் சூரியன் ஊர்ப்பக்கம், கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர் முகத்தில் நேராக விழும், கண் கூசும். கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கியபிறகு ஓர் அரை மணி நேரம் மட்டும் அருமையாக இருக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஈசிஆர் கடற்கரையில் கூட்டத்துக்கு நடுவே எடுக்க முடியாது. காலைதான் சரி.

இடத்தை இரண்டு வாரம் முன்னால் அதே நேரத்துக்குப் போய் நேரில் பாருங்கள், மதியம் போய்ப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. போகும்போது தம்பியைக் கூட்டிப்போய் மாடல் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி ஃபோனிலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள். கடற்கரை ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம், ஐந்து நிமிட நடையில் நிழலுள்ள இன்னொரு இடமும் வேண்டும். அந்தப் பக்கம் அதற்குச் சவுக்குத் தோப்பை மிஞ்சி எதுவும் கிடையாது. ஆனால் தோப்புக்குள்ளே போய் நிறுத்தாதீர்கள். சவுக்கு இலை ஊசி மாதிரி இருப்பதால் வெயில் சல்லடையில் விழுவது போலப் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழும், ஒரு கன்னம் வெளுத்து, ஒரு கன்னம் கறுத்து, சரிசெய்யவே முடியாது. தோப்பின் ஓரத்துக்கு வாருங்கள், நிழல் முடிந்து வெட்டவெளி தொடங்கும் கோட்டுக்கு இரண்டடி உள்ளே, வெயில் படாத பக்கமாகப் பார்த்து நிறுத்தி முகத்தை வெட்டவெளிப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். எதிரே திறந்த வானம் முழுவதும் அவருக்கு விளக்கு. கீழே மணல் வெளிறிய நிறமாக இருப்பதால் அதுவே தாடைக்குக் கீழே வெளிச்சம் கொடுக்கும். பின்னால் மரத்தண்டுகள் வரிசை வரிசையாக இருட்டிப் போகும். ரிஃப்ளெக்டரே தேவைப்படாது. இதே முறையை மாந்தோப்பு ஓரத்தில், திண்ணையில், பழைய கட்டடத்தின் வாசலில், எங்கே வேண்டுமானாலும் செய்யலாம், தரையின் நிறத்தை மட்டும் கவனியுங்கள். புல்தரை முகத்தில் பச்சை ஏற்றும், செம்மண் மாநிறத்துக்கு அழகான சூடு கொடுக்கும்.

சவுக்குத் தோப்பு பெரும்பாலும் யாரோ ஒருவர் பயிர் செய்து வைத்திருக்கும் நிலம் என்பதை மறக்க வேண்டாம். வேலி இல்லையே என்று நுழைந்துவிடக் கூடாது. பக்கத்து டீக்கடையில் கேட்டால் யாருடையது என்று சொல்லிவிடுவார்கள், முன்கூட்டியே போய் நாலு பேர், ஒரு மணி நேரம், எதையும் ஒடிக்க மாட்டோம் என்று சொன்னால் பெரும்பாலும் சரி என்பார்கள். கோவளம் மீனவர் ஊர், காலையில் நீங்கள் போகும் நேரம்தான் அவர்களுக்கும் வேலை நேரம். படகும் வலையும் பின்னணிக்கு அழகாக இருக்கிறது என்று போய்ச் சாய்ந்து நிற்காதீர்கள், "அண்ணே, பத்து நிமிஷம் இந்தப் படகுகிட்ட நின்னு படம் எடுத்துக்கலாமா" என்று கேளுங்கள், ஏறச் சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள், காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள். அங்கே இருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்கவும் வேண்டாம்.

அனுமதி விஷயம் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் பொதுவாக ஒன்று சொல்லலாம்: கையில் ஒரு கேமரா, நாலு பேர் என்றால் அவ்வளவாக யாரும் கேட்பதில்லை, ஸ்டாண்டும் குடையும் லைட்டும் விரித்த நிமிடத்தில் கேள்வி வரும். கோவளம் கடற்கரையின் ஒரு பகுதி 2021-ல் நீலக்கொடிச் சான்று (சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேசச் சான்று) பெற்றது, அந்தப் பகுதிக்கென்று தனி விதிகள் உண்டு. எடுக்கலாமா, கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று இடம் பார்க்கப் போகும்போதே கேட்டுவிடுங்கள். மாமல்லபுரம் பக்கத்தில்தானே, கடற்கரைக் கோயில் முன்னால் நாலு படம் என்று ஆசை வரும். அது 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் சின்னம், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. சுற்றுலா வந்தவர் கையில் வைத்து எடுப்பதற்கும், ட்ரைபாட், லைட், உடை மாற்றிய மாடலோடு எடுப்பதற்கும் அங்கே ரொம்ப வித்தியாசம் பார்ப்பார்கள், இரண்டாவதற்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இந்த ஷூட்டுக்கு அது வேண்டாம், விட்டுவிடுங்கள். ட்ரோனும் வேண்டாம். 250 கிராமுக்குள் இருக்கும் நானோ ட்ரோன் என்றால் ஓட்டுவதற்குச் சான்றிதழ் தேவையில்லை என்பது உண்மைதான், ஆனால் 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் (ட்ரோனுக்குத் தடையுள்ள வான்பகுதி) எந்த எடையானாலும் அனுமதி இல்லாமல் பறக்க விடக் கூடாது. அந்த வட்டாரத்தில் வடக்கே மீனம்பாக்கம் விமான நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம், தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் எல்லாம் இருக்கின்றன. எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் யார் ட்ரோனையும் மேலே ஏற்றச் சொல்லாதீர்கள். விடியற்காலையில் ரோந்து போலீஸ் நிறுத்திக் கேட்டால் என்ன செய்கிறோம் என்று நேராகச் சொல்லி அடையாள அட்டையைக் காட்டுங்கள். எல்லாரும் ஆதார் அல்லது லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது ரூம். இதற்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள், லென்ஸ் வாடகையை வேண்டுமானால் மிச்சம் பிடியுங்கள். 6.10-க்கு மாடல் மணலில் நிற்க வேண்டும் என்றால் நாலு மணிக்கு மேக்கப் ஆரம்பிக்க வேண்டும், நகரத்திலிருந்து வருவதென்றால் மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும், அந்த முகம் படத்தில் தூங்கித்தான் வழியும். கோவளத்தில் சர்ஃபிங் பழக வருபவர்களுக்காகச் சின்னச் சின்னத் தங்கும் இடங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை இரவே ஒரு ரூம் போட்டுவிடுங்கள், ஞாயிறு காலைக்கு என்று போட்டால் மதியம்தான் சாவி கொடுப்பார்கள். மாடல், மேக்கப் அக்கா, அவர்களோடு வருபவர் அங்கே தங்கட்டும், நீங்களும் தம்பியும் காலையில் வந்து சேருங்கள். கழிப்பறை, உடை மாற்ற அறை, இஸ்திரி போட ஒரு பிளக், கண்ணாடி, எல்லாப் பிரச்சினையும் இந்த ஒரே ரூமில் தீர்ந்துவிடும். கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தால் இரண்டாவது உடைக்கு அங்கேயே வந்து மாற்றிக்கொள்ளலாம்.

"அவர்களோடு வருபவர்" என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். தோழியாகவே இருந்தாலும் மாடலோடு அவர் நம்பும் ஒருவர் வர வேண்டும், அம்மாவோ, அக்காவோ, சிநேகிதியோ. அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லுங்கள், "யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று. ஆக நாலு பேர் என்று கணக்குப் போட்டதை ஐந்தாக மாற்றிக்கொள்ளுங்கள், வண்டியும் அதற்குத் தக்கபடி. என்னென்ன உடை என்பது முந்தின வாரமே முடிவாக வேண்டும், ஸ்பாட்டில் போய் "இதையும் ட்ரை பண்ணலாமே" என்று புதிதாக ஒன்றை நீட்டக் கூடாது, தண்ணீரில் நனைவது போன்ற யோசனையும் அப்படியே. கடலைப் பற்றி ஒரு வார்த்தை: அந்தக் கரையோரம் முழுக்க இழுப்பு அதிகம், அமைதியாகத் தெரியும், புடவை நனைந்தால் கனம் வேறு. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதுவும் தம்பி கடலைப் பார்த்தபடி பக்கத்தில் நிற்கும்போது மட்டும்.

மேக்கப் அக்காவிடம் நீங்கள் முன்கூட்டியே பேச வேண்டிய விஷயங்கள் சில உண்டு. முதலாவது, ஃபவுண்டேஷன் நிறம். மண்டப லைட்டுக்குப் பழகியவர்கள் இரண்டு ஷேடு வெளுப்பாகப் போடுவார்கள். பகல் வெளிச்சத்தில் அது கழுத்தில் கோடு போட்டது போலத் தெரியும், முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். தாடையோரத்தில் தடவி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து அவர் நிறத்தையே எடுக்கச் சொல்லுங்கள், நாலு மணி இருட்டில் அதைச் செய்ய முடியாது, அதனால் முந்தின வாரம் ஒரு சாயங்காலம் சந்தித்து முடித்துவிடுங்கள். காது, கழுத்து, புறங்கை எல்லாம் சேர வேண்டும். இரண்டாவது, ஃப்ளாஷ் போடுவதாக இருந்தால் எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு) உள்ள பல பொருட்களில் துத்தநாக, டைட்டானியம் ஆக்சைடு இருக்கும், அவை ஃப்ளாஷில் சாம்பல் பூசினது போல வெளுத்துக் காட்டும். மூன்றாவது, முதலில் குறைந்த மேக்கப், காஸ்டிங் படங்கள், பிறகு அதன் மேலேயே கூட்டிக்கொண்டு போய்ப் பட்டுப்புடவை. தலைகீழாகச் செய்தால் எல்லாவற்றையும் அழித்து மறுபடி தொடங்க வேண்டும். கடற்கரையில் அவர் கையில் டிஷ்யூ, பவுடர், ஹேர்பின், சேஃப்டி பின், சீப்பு மட்டும் ஒரு சின்னப் பையில் இருந்தால் போதும், பெரிய பெட்டி ரூமிலேயே இருக்கட்டும்.

பூ வைப்பதாக இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் நன்றாக மொக்காக இருக்கிற மல்லிகையாகப் பார்த்து வாங்கி, வாழை இலையில் சுற்றி, மேலே ஈரத்துணி போட்டு வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் இருந்தால் கீழ்த்தட்டில் வைக்கலாம். பூத்த பூவை வாங்கினால் ஞாயிறு காலை ஓரமெல்லாம் பழுப்பேறி இருக்கும், அது குளோசப்பில் தெரியும்.

இப்போது நிறம் பற்றி, இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. நம் ஆட்களின் மாநிறத்தையும் கறுப்பையும் அப்படியே அழகாக எடுக்கத் தெரிந்தவருக்குத்தான் நம் ஊரில் போட்டோகிராபர் என்று பெயர் இருக்க வேண்டும். வெளுப்பாக்கிக் கொடுப்பது வேலை தெரியாததை மறைக்கும் வழி. கறுத்த முகம் ஃப்ரேமை நிறைத்தால் வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்த்து எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) ஏற்றிவிடும், அதே முகத்துக்குப் பின்னால் விடிகிற கடல் இருந்தால் நேர்மாறாக முகத்தை இருட்டாக்கிவிடும். ஆட்டோவை நம்பாமல் மேனுவலில் வையுங்கள். நெற்றியிலும் கன்னமேட்டிலும் விழும் மினுக்கைப் பாருங்கள், அது வெடித்து வெள்ளையாகாமல் இருக்கும் அளவுக்கு வெளிச்சத்தை வைத்துக்கொண்டால் மற்ற நிறம் தானாகச் சரியாக விழும். கறுத்த சருமம் அழகாகத் தெரிவது இந்த மினுக்கினால்தான், முகத்தை முழுக்கப் பவுடரால் அடைத்துவிட்டால் படம் தட்டையாகிவிடும். மூக்கு நுனி, நெற்றி நடுவில் மட்டும் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள், கன்னத்தை விட்டுவிடுங்கள். வெளிச்சம் நேராக முன்னாலிருந்து வருவதைவிடக் கொஞ்சம் பக்கத்திலிருந்து, பெரிய பரப்பிலிருந்து வந்தால் முகத்தின் வடிவம் எழுந்து நிற்கும். ஒயிட் பேலன்ஸையும் (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ற கேமரா அமைப்பு) ஆட்டோவில் விடாமல் 5200, 5500 கெல்வின் என்று ஒன்றில் நிறுத்திவிட்டு, கேமரா திருத்தாமல் அப்படியே பதியும் ரா ஃபைலாக எடுங்கள், எடிட்டிங்கில் ஒவ்வொரு படத்துக்கும் சரும நிறம் மாறாமல் இருக்கும்.

ரிஃப்ளெக்டர் 42 அங்குல ஐந்து-இன்-ஒன் (வெள்ளை, வெள்ளி என்று பக்கத்தை மாற்றிக்கொள்ளக்கூடியது) ஒன்று போதும், இல்லையென்றால் சினிமாவில் எத்தனையோ வருடங்களாகச் செய்வது போல ஒரு தெர்மாகோல் ஷீட் வாங்கிக்கொள்ளுங்கள், நானே பல சமயம் அதைத்தான் விரும்புவேன், வெளிச்சம் அவ்வளவு மென்மையாக இருக்கும். தம்பிக்கு முந்தின நாளே பயிற்சி கொடுங்கள். எல்லாரும் செய்வது, வெள்ளிப் பக்கத்தை இடுப்புக்குக் கீழே வைத்து முகத்தில் அடிப்பது. மூக்கு நிழல் மேலே போய்ப் பேய்ப்படம் போல இருக்கும், மாடலுக்குக் கண்ணும் கூசும். வெள்ளைப் பக்கம், நெஞ்சு உயரம், கொஞ்சம் பக்கவாட்டில், அவ்வளவுதான். விடியற்காலையில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும், பத்து பதினொன்றுக்கு மேல் கடல்காற்று எழுந்துவிட்டால் ரிஃப்ளெக்டர் பட்டமாகிவிடும். அதுவும் சீக்கிரம் முடித்துக் கிளம்ப ஒரு காரணம்.

போஸ் சொல்லிக் கொடுப்பது தனிக் கலை, இங்கே இரண்டு விஷயம் மட்டும். "சிரிங்க", "நேச்சுரலா இருங்க" என்பது யாருக்கும் உதவாத வார்த்தைகள், அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுங்கள். முந்தானையை இழுத்துச் சொருகச் சொல்லுங்கள், முடியை அவிழ்த்துக் கொண்டை போடச் சொல்லுங்கள், அங்கிருந்து இங்கே நடந்து வந்து கடைசி நொடியில் நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கைக்கு வேலை வந்துவிட்டால் முகம் இளகிவிடும். அப்புறம், மாடலைத் தொட்டுத் திருத்தக் கூடாது. தோளைக் கொஞ்சம் திருப்ப வேண்டும் என்றால் நீங்கள் நின்று காட்டுங்கள், புடவை மடிப்பு, முடிக்கற்றை எல்லாம் மேக்கப் அக்காவின் பொறுப்பு. முதல் பத்து நிமிடப் படங்கள் எப்படியும் இறுக்கமாகத்தான் இருக்கும், அதற்கு முகம் சுளிக்காதீர்கள். நன்றாக வந்த ஒன்றிரண்டை மட்டும் திருப்பிக் காட்டுங்கள், ஒவ்வொன்றாகக் காட்டினால் அவர் தன் முகத்திலேயே குறை தேட ஆரம்பித்துவிடுவார்.

சாப்பாடு: நாலு மணிக்கே வாழைப்பழமும் பிஸ்கெட்டும் டீயும், ஏழேகாலுக்கு உடை மாற்றும்போது இட்லி பொட்டலம். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், மேக்கப் கலையாமல் குடிக்க ஸ்ட்ரா. பழைய பெட்ஷீட் இரண்டு எடுத்துப் போங்கள், உட்கார, பை வைக்க, அவசரத்துக்கு மறைத்துப் பிடிக்க.

சரி, லென்ஸ். 50 மி.மீ. லென்ஸ் இருக்கிறது என்றால் அதையே மாட்டுங்கள், வாடகைக்கு எடுத்தே தீருவேன் என்றால் 85 மி.மீ. எஃப் 1.8. கடற்கரையில் லென்ஸ் கழற்றாதீர்கள், மணலும் உப்பும் சென்சாரில் போய் உட்காரும். இரண்டு லென்ஸ் வேண்டும் என்றால் இரண்டு கேமரா பாடி, அல்லது ரூமுக்குத் திரும்பியபிறகு மாற்றுவது. ரொம்ப முக்கியமானது ஒன்று: ஏசி ரூமிலிருந்து கேமராவை எடுத்து நேராகக் கடற்கரைக்கு வந்தால் லென்ஸ் முழுக்க வேர்த்து நிற்கும், துடைக்கத் துடைக்க மறுபடி படியும், உங்கள் நீல வெளிச்சம் அதிலேயே போய்விடும். அரை மணி நேரம் முன்பே பையை மூடியபடியே வெளியே வராந்தாவில் வைத்துவிடுங்கள். வரும் வழியில் காரிலும் ஏசி வேண்டாம். பேட்டரி இரண்டு, கார்டு இரண்டு, லென்ஸ் துணி நிறைய. ஃப்ளாஷ் இந்த ஷூட்டுக்குத் தேவையில்லை என்பேன், வெயிலில் ஃப்ளாஷ் போட, வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் வேலை செய்யும் ஹை ஸ்பீட் சிங்க், லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் என்று போக வேண்டும், உங்களுக்கு இருக்கிற ஒரு மணி நேரத்தை அது தின்றுவிடும்.

கடைசியாகப் படம் யாருக்குச் சொந்தம் என்பது. இதை நண்பர்களுக்குள் பேசாமல் விட்டுத்தான் பல நட்பு முறிகிறது. 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவின்படி போட்டோவுக்கு முதல் உரிமையாளர் அதை எடுத்தவர். ஆனால் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், உரிமை காசு கொடுத்தவருக்கு. உங்களுடையது காசில்லாத கொலாப், ஆகவே உரிமை உங்களிடம் இருக்கும். அதனால் அவர் முகத்தை எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கத்தில் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: இருவரும் போர்ட்ஃபோலியோவிலும் சமூக வலைதளங்களிலும் போடலாம், விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ அவரைக் கேட்டுத்தான், அவர் வேண்டாம் என்ற படம் வெளியே வராது, போடும்போது மூவர் பெயரும் இருக்கும், இத்தனை நாளுக்குள் இத்தனை படம் எடிட் செய்து தரப்படும். கையெழுத்துப் போட்டு இருவரும் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். 18 வயதுக்குள் இருப்பவர் என்றால் பெற்றோர் கையெழுத்து.

எடிட் செய்த படம் 15-லிருந்து 20 என்று சொல்லுங்கள், அதற்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள், ரா ஃபைல் தருவதில்லை என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஞாயிறு மதியமே இரண்டு இடத்தில் காப்பி எடுத்துவிட்டு அப்புறம் தூங்குங்கள். அவருடைய ஆறு காஸ்டிங் படங்களை முதலில், இரண்டு நாளிலேயே முடித்து அனுப்பிவிடுங்கள், மீதிக்கு மெதுவாக நேரம் எடுத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் டிரைவ் லிங்க்.